லேட்டெக்கில் தலைகீழ் ஆம்பர்சண்ட்: நேரியல் தர்க்கக் குறியீடுகளை அச்சுக்கோத்த அனுபவம்

நேரியல் தர்க்கம் பற்றிய பாடக்குறிப்பு ஒன்றைக் கையெழுத்துப் படியிலிருந்து, கணித ஆவணங்களை அச்சுக்கோக்கும் மென்பொருளான லேட்டெக்கில் அச்சுக்கோத்துத் தரும் பொறுப்பை அண்மையில் ஏற்றிருந்தேன். வழக்கமான கணித ஆவணத்தில் தொண்ணூறு விழுக்காட்டு வேலை பழகிய கட்டளைகளிலேயே முடிந்துவிடும். இந்தப் பாடத்தில் அப்படி முடியாது. 1987ஆம் ஆண்டில் பிரெஞ்சுத் தர்க்கவியலாளர் ழான்-ஈவ் ஜிரார் இத்தர்க்கத்தை முன்வைத்தபோது, பழைய தர்க்கத்தின் ‘மற்றும்’ என்பதை ⊗, & என இரண்டாகவும், ‘அல்லது’ என்பதை ⅋, ⊕ என இரண்டாகவும் பிரித்தார். இவற்றோடு ⊸ என்ற அம்பு, வாய்பாட்டின் முன்னால் நிற்கும் !, ? ஆகிய இரண்டு, வாய்பாட்டின் மறுப்பைக் குறிக்க மேலே எழுதும் ⊥ என்பனவும் சேர்ந்துகொண்டன. ஒரே பக்கத்தில் இவை அனைத்தும் நெருக்கமாக வரும். ஒன்றுக்குப் பதில் மற்றொன்று வந்தால் தேற்றமே பொய்யாகிவிடும். எனவே ஒவ்வொரு குறியீட்டையும் தனித்தனியே சரிபார்த்துக்கொண்ட பிறகே தட்டச்சைத் தொடங்க வேண்டும் என்று முடிவுசெய்தேன்.

⊗, ⊕ இரண்டும் லேட்டெக்கின் அடிப்படையிலேயே உள்ளன. ⊸ குறியீடு அமெரிக்கக் கணிதக் கழகத்தின் குறியீட்டுப் பொதியில் (லேட்டெக்கோடு சேர்த்துக்கொள்ளும் கூடுதல் கட்டளைத் தொகுப்பே பொதி) ‘மல்டிமேப்’ என்ற பெயரில் கிடைக்கிறது. ⅋ என்னும் தலைகீழ் ஆம்பர்சண்டுக்குத்தான் தேட வேண்டியிருந்தது. இத்தகைய தேடலுக்கு இரண்டு வழிகள் உண்டு. டீடெக்சிஃபை என்ற கருவியில் வடிவத்தைக் கையால் வரைந்தால், ஒத்த குறியீடுகளையும் அவற்றுக்குரிய கட்டளைகளையும் அது வரிசைப்படுத்திக் காட்டும். ஸ்காட் பாக்கின் தொகுத்துள்ள லேட்டெக் குறியீட்டுப் பட்டியல் இன்னும் விரிவானது. பல்லாயிரம் குறியீடுகளைப் பொதிவாரியாக அடுக்கித் தருகிறது. பெயர் தெரியாத வடிவத்துக்கு முதல் கருவியையும், ஒரே வடிவம் எந்தெந்தப் பொதிகளில் எப்படி எப்படி வரையப்பட்டுள்ளது என்று ஒப்பிட்டுப் பார்க்கப் பட்டியலையும் நாடுவதே என் வழக்கம். ⅋ வடிவம் பல பொதிகளில் இருப்பதும், அவற்றுள் சிஎம்எல்எல் என்ற பொதி நேரியல் தர்க்கத்துக்கென்றே செய்யப்பட்டது என்பதும் அப்படித்தான் தெரியவந்தன.

ஆயினும் அந்தப் பொதியை எடுத்துக்கொள்ளும் முன், பலரும் செய்வதுபோலச் சாதாரண ஆம்பர்சண்டையே 180 பாகை சுழற்றிப் பயன்படுத்தினால் என்ன ஆகும் என்று சோதித்துப் பார்த்தேன். கணிதக் குறியீட்டுக்கு என்னென்ன தேவை என்பதை இந்தச் சோதனை நன்றாகக் காட்டுகிறது என்பதால் அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். படங்களைக் கையாளும் பொதியிலுள்ள சுழற்றுக் கட்டளைக்கு மையம் எதுவென்று சொல்லாவிட்டால், எழுத்தின் அடிவரியைப் பற்றிக்கொண்டே அது சுழற்றும். குறியீடு வரிக்குக் கீழே தொங்கும். மையத்தைச் சுற்றிச் சுழற்றச் சொன்னால் உயரம் சரியாகிவிடுகிறது. ஆனால் அதன் இருபுறமும் இடைவெளி இல்லை. க, ச என்ற இரண்டு வாய்பாடுகளுக்கிடையே அதை வைத்தால் மூன்றும் ஒட்டிக்கொண்டு ஒரே சொல்போலத் தெரிகின்றன.

காரணம், லேட்டெக்குக்கு அடித்தளமான டெக்கின் உள்ளமைப்பில் இருக்கிறது. டொனால்ட் கனூத் அதை வடிவமைத்தபோது, கணிதத்தில் வரும் ஒவ்வொன்றையும் ஒரு வகையில் சேர்த்தார்: சாதாரண எழுத்து, பெருஞ்செயலி, இருமச் செயலி, உறவு, திறப்பு, மூடல், நிறுத்தக்குறி எனப் போகும் அந்த வகைகள். இடைவெளியைத் தீர்மானிப்பது அடுத்தடுத்து நிற்கும் இரண்டு உருப்படிகளின் வகையே. வடிவத்துக்கு அதில் பங்கில்லை. எழுத்துருவின் அகல அலகான ஓர் ‘எம்’மை 18 கூறாக்கினால், நிறுத்தக்குறிக்குப் பின் 3 கூறு, இருமச் செயலியின் இருபுறமும் 4 கூறு, உறவுக்குறியின் இருபுறமும் 5 கூறு என்பது அடிப்படை அளவு. சுழற்றிய ஆம்பர்சண்ட் ஒரு பெட்டி மட்டுமே; டெக் அதைச் சாதாரண எழுத்தாகவே கருதும். ‘மேத்பின்’ கட்டளைக்குள் வைத்து இது இருமச் செயலி என்று அறிவித்த உடனே இடைவெளி ஒழுங்காகிவிடுகிறது. சுழற்றாத & குறியீட்டுக்கும் இதே நிலைதான். அதுவும் இயல்பில் சாதாரண எழுத்து வகையைச் சேர்ந்தது. தர்க்க இணைப்பானாக வரும் இடங்களில் அதையும் ‘மேத்பின்’னுக்குள் வைத்தாக வேண்டும். அச்சாகிவந்த சில கட்டுரைகளில் ⊗ மட்டும் காற்றோட்டமாகவும் & நெருக்கியும் நிற்பதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

அடுத்தது அளவு. பத்துப் புள்ளி எழுத்தில் அமைந்த ஆவணத்தில் கீழ்க்குறி ஏழு புள்ளியாகவும், கீழ்க்குறியின் கீழ்க்குறி ஐந்து புள்ளியாகவும் சுருங்கும். சுழற்றிய பெட்டி சுருங்காது, ஏனெனில் அதன் உள்ளே இருப்பது கணித நிலையை அறியாத உரை. ⅋ இணைப்பானுக்குரிய விதியின் பெயரைக் கீழ்க்குறியாக எழுதும்போது, சிறிய எழுத்துகளுக்கு நடுவே அது பெரிதாக நின்றது. ‘மேத்பேலட்’ என்ற கட்டளை, இப்போதைய நிலை எது என்பதை நம் வரையறைக்குள் கொண்டுவந்து கொடுக்கும். அந்த நிலையிலேயே ஆம்பர்சண்டை அமைத்துப் பிறகு சுழற்றினால் எல்லா அளவிலும் சரியாக வரும். சொந்தமாகக் குறியீடு கட்டுபவர்கள் முதலில் கற்க வேண்டிய கட்டளை இதுதான் என்பது என் எண்ணம்.

இவ்வளவும் செய்த பிறகு கண்ணுக்குக் குறை எதுவும் தெரியவில்லை. பிடிஎஃப் கோப்பிலிருந்து ஒரு வரியை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டிப் பார்த்தேன். க ⅋ ச என்று இருந்த வாய்பாடு க & ச என்று ஒட்டப்பட்டது. வேறொரு பாடத்தில் இதைச் சிறு குறையாக விட்டுவிடலாம்; நேரியல் தர்க்கத்தில் & வேறோர் இணைப்பான், அதற்கென வேறு விதிகள் உண்டு. கோப்புக்குள் தேடுபவருக்கும், திரைவாசிப்பான் கொண்டு படிப்பவருக்கும், சூத்திரத்தை எடுத்துத் தம் குறிப்பில் சேர்த்துக்கொள்பவருக்கும் நாம் தவறான கணிதத்தைக் கொடுத்தவர்களாவோம். பார்வையற்ற மாணவர் ஒருவர் இந்தக் குறிப்பைக் கேட்டுப் படிக்கிறார் என்றால் ⅋ வரும் ஒவ்வொரு வரியும் அவருக்குப் பிழையாகவே போய்ச்சேரும். சுழற்றும் வழியை நான் முற்றாகக் கைவிட்டது இதற்காகத்தான்.

தலைகீழ் ஆம்பர்சண்டுக்கு யூனிகோடில் தனி இடம் இருக்கிறது. அதன் பதின்ம எண் 8523. சிஎம்எல்எல் பொதியின் எழுத்துருவில் வடிவம் தனி எழுத்தாகவே இருப்பதால், அந்த வடிவத்துக்கு இந்த எண் என்று, பிடிஎஃப் கோப்பை உருவாக்கும் பிடிஎஃப்டெக் நிரலுக்குச் சொல்லிவிட முடிகிறது. அதற்கான கட்டளையைச் சேர்த்த பின் நகலெடுத்தால் ⅋ என்றே வந்தது. வேறு வழியில்லாமல் வடிவத்தை வரைந்தோ சுழற்றியோதான் ஆக வேண்டும் என்ற நிலையிலும், பிடிஎஃப்பின் ‘ஆக்சுவல்டெக்ஸ்ட்’ வசதியை அளிக்கும் பொதி ஒன்றின் துணையால், அந்தப் பெட்டியை எந்த எழுத்தாக நகலெடுக்க வேண்டும் என்று குறித்துவைக்கலாம்.

எனக்கு மிகுந்த வியப்பளித்தவை ஆச்சரியக்குறியும் வினாக்குறியும். விசைப்பலகையிலேயே இருப்பவை என்பதால் அவற்றில் சிக்கல் இருக்கும் என்று யாரும் ஐயுறமாட்டார்கள். ஆனால் டெக் இவ்விரண்டையும் மூடும் அடைப்புக்குறியின் வகையில் வைத்திருக்கிறது. தொடர்பெருக்கத்தில் எண்ணுக்குப் பின்னால் ! வருவதை நினைத்தால் அது பொருத்தமான ஏற்பாடே. நேரியல் தர்க்கத்தில் அது வாய்பாட்டுக்கு முன்னால் வருகிறது. இருமச் செயலியை அடுத்து மூடல் வகை உருப்படி வந்தால், அந்தச் செயலிக்கு வலப்புற உறுப்பு இல்லை என்று கருதி டெக் அதைச் சாதாரண எழுத்தாக மாற்றிவிடும். ஆகவே க ⊗ !ச என்று எழுதினால் ⊗ குறியின் இருபுற இடைவெளியும் மறைந்துபோகிறது. ⊸ உறவு வகையைச் சேர்ந்தது, அதை அடுத்து ! வந்தால் இடப்பக்க இடைவெளி நிற்கும், வலப்பக்க இடைவெளி மட்டும் போய்விடும். நிறுவத்தக்கது என்று காட்டும் ⊢ என்ற உறவுக்குறியோடு ⊢ ?க, !ச என எழுதும் வரியில் ⊢ குறியும் வினாக்குறியும் ஒட்டிக்கொள்ள, காற்புள்ளிக்குப் பின் மட்டும் சிறு இடைவெளி விழும். மூன்று இடங்களில் மூன்று விதமான பிசகு, ஆனால் வேர் ஒன்றுதான். இரண்டு குறிகளையும் ‘மேத்ஆர்ட்’ என்ற கட்டளைக்குள் வைத்துச் சாதாரண எழுத்தாக்கினேன். மூன்றும் ஒரே நேரத்தில் நேராயின. பெருஞ்செயலியாக அறிவித்தால் என்ன என்றும் யோசித்தேன். அப்படிச் செய்தால் ஆச்சரியக்குறிக்கும் அதைத் தொடரும் எழுத்துக்கும் இடையே 3 கூறு இடைவெளி விழும். ஒட்டி நிற்க வேண்டிய முன்னொட்டுக்கு அது பொருந்தாது.

⊥ குறியீட்டிலும் இதே நுட்பம் உண்டு. லேட்டெக்கில் ஒரே வடிவத்துக்கு ‘பாட்’, ‘பெர்ப்’ என இரண்டு கட்டளைகள். முதலாவது சாதாரண எழுத்து, இரண்டாவது செங்குத்து என்னும் உறவு. க-வின் மேலே மறுப்புக் குறியாகத் தனியே எழுதும்போது இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ⊥ ஒரு மாறிலியாக ⊥ ⊗ க என்று வரும்போது ‘பெர்ப்’ போட்டால், உறவை அடுத்து வரும் ⊗ இருமச் செயலி என்ற தகுதியை இழந்து மீண்டும் இடைவெளி கெடும். ஆவணம் முழுவதும் ‘பாட்’ என்பதையே பயன்படுத்தினேன்.

ஓரிய வெளிகள் (நேரியல் தர்க்கத்துக்குப் பொருள் தரும் ஒரு கணித அமைப்பு) பற்றிய இயலில், கவிந்த வில்லின் கீழே நிமிர்ந்த வில் என அமைந்த உறவுக்குறி வருகிறது. மேலேற்றும் கட்டளையால் ஒன்றன்மேல் ஒன்றை வைத்தால், மேலுள்ள வில் கீழ்க்குறி அளவுக்குச் சுருங்கிவிடும். முழுக்குறியும் வரியின் நடுமட்டத்திலிருந்து ஏறியும் நிற்கும். பின்னக்கோடு செல்லும் உயரமே கணித வரியின் நடுமட்டம். உறவுகளும் செயலிகளும் அதைச் சமச்சீராகத் தழுவி நின்றால்தான் பார்வை தடுமாறாமல் ஓடும். சிஎம்எல்எல் பொதியில் இந்தக் குறியும் ஆயத்தமாக இருந்தது. இல்லாதிருந்தால் இரண்டு விற்களையும் ஒரே அளவில் அடுக்கி, அடுக்கை நடுமட்டத்துக்கு மையப்படுத்தி, உறவு என்று அறிவித்திருப்பேன்.

பொதிகளைக் கூட்டிக்கொண்டே போவதற்கும் ஓர் எல்லை உண்டு. பழைய டெக், பிடிஎஃப்டெக் ஆகியவற்றில் ஓர் ஆவணம் 16 கணித எழுத்துருக் குடும்பங்களையே கொள்ளும். ஒரே ஒரு குறியீட்டுக்காகப் பெரிய பொதியை அழைத்தால் அதன் எல்லாக் குடும்பங்களும் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். சில பொதிகள் நாம் கேட்காமலேயே கூட்டல், கழித்தல், தொகைக் குறிகளின் வடிவங்களையும் மாற்றிவிடும். தேவையான எழுத்துருவை மட்டும் அறிவித்து, அதிலுள்ள ஒரு குறியீட்டை மட்டும் வகையோடு வரையறுக்கும் கட்டளைகள் லேட்டெக்கிலேயே உள்ளன. இரட்டைச் சதுர அடைப்புக்குறிகளை நான் அப்படித்தான் கொண்டுவந்தேன். ஒன்றுக்குத் திறப்பு வகை, மற்றொன்றுக்கு மூடல் வகை என்று தனித்தனியே குறிப்பிட வேண்டும். இரண்டுக்கும் ஒரே வகை கொடுத்தால், முன்னே சொன்ன இடைவெளிச் சிக்கல்கள் அடைப்புக்குறிக்கு உள்ளேயும் தலைகாட்டும்.

பாடக்குறிப்பின் ஆசிரியர் இன்னொரு பதிப்பை யூனிகோட் எழுத்துருவில் கேட்டிருந்ததால், யூனிகோடைக் கையாளும் லுவாலேட்டெக் நிரலிலும் ‘யூனிகோட்-மேத்’ பொதியோடு அதே கோப்பை அமைத்தேன். அங்கே 256 குடும்பங்கள் வரை இடமுண்டு. நகலெடுத்தலும் பெரும்பாலும் தானாகவே சரியாக வருகிறது. கவனிக்க வேண்டியது வேறொன்று: எழுத்துருவில் ஒரு குறியீடு இல்லாவிட்டால், பிழை என்று நிற்காமல், அந்த இடத்தை வெற்றாக விட்டு ஓர் எச்சரிக்கை வரியை மட்டும் எழுதிவிட்டு நிரல் நகர்ந்துவிடும். ⅋ இல்லாத கணித எழுத்துருக்கள் உள்ளன. அவற்றில் க ⅋ ச என்பது இணைப்பானே இல்லாமல் அச்சாகிவிடும். ‘ட்ரேசிங்லாஸ்ட்கேர்ஸ்’ என்ற அளபுருவுக்கு 3 என்ற மதிப்பைக் கொடுத்தால், 2021ஆம் ஆண்டின் டெக் லைவ் மென்பொருள் தொகுப்பு முதல், விடுபட்ட எழுத்தைப் பிழையாகவே அறிவிக்கும். இந்த ஒரு வரியை ஆவண முகப்பில் சேர்க்காமல் நான் இப்போது எதையும் தொடங்குவதில்லை.

இரண்டு பதிப்புக்கும் உடற்பகுதி ஒன்றே. ஏனெனில் கோப்பில் எங்கும் வடிவத்தின் பெயரை எழுதவில்லை. பார், வித், டென்சர், ஆஃப்கோர்ஸ் என்று இணைப்பான்கள் தர்க்கத்தில் வழங்கும் பெயர்களிலேயே சொந்தக் கட்டளைகளை வரையறுத்திருந்தேன். ஒவ்வொன்றும் எந்த எழுத்துருவிலிருந்து வருகிறது, எந்த வகையைச் சேர்ந்தது, நகலெடுத்தால் என்னவாகிறது என்பதெல்லாம் முகப்பில் ஒரே இடத்தில் இருந்தன. இறுதியாக ஒரு சோதனைப் பக்கமும் தயாரித்தேன். ஒவ்வோர் இணைப்பானும் இரண்டு எழுத்துகளுக்கிடையே, !-க்கு முன்னால், ⊢-க்குப் பின்னால், கீழ்க்குறியில், கீழ்க்குறியின் கீழ்க்குறியில் என எல்லா இடங்களிலும் வரும்படி அதில் அமைத்திருந்தேன். அதை அச்சிட்டும் நகலெடுத்தும் ஒப்பிட்ட பிறகு, அந்தப் பக்கத்தை மூலக்கோப்போடு சேர்த்தே ஆசிரியரிடம் அனுப்பினேன். எழுத்துருவை மாற்ற விரும்பினால் முதலில் அதை ஓட்டிப் பார்க்கும்படி முகப்பிலேயே ஒரு குறிப்பும் எழுதிவைத்திருக்கிறேன்.