காவலுக்குக் காவல்

நேற்று இரவு எட்டரை மணிக்கு அண்ணன் வீட்டு வாசலில் பதினோரு பேர் நின்றிருந்தார்கள். பன்னிரண்டாவதாக ஒருவர் தெருக்கோடியிலிருந்து கடப்பாரையோடு வந்துகொண்டிருந்தார். ஆட்டோவை விட்டு இறங்கிய எங்களைப் பார்த்ததும் கூட்டம் விலகி வழிவிட்டது. ஒரு பாட்டி என் முழங்கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “நல்லபடியாகத்தான் இருக்கிறார்கள்” என்று பின்னால் நின்றவர்களுக்கு அறிவித்தார். அந்தக் குரலில் லேசான ஏமாற்றம் இருந்தது என்கிறேன் நான். என் வீட்டுக்காரர் இவர் ஒப்புக்கொள்ள மறுக்கிறார்.

இவ்வளவுக்கும் காரணம் அந்தக் கேமராதான்.

ஏப்ரல் கடைசியில் அண்ணனும் அண்ணியும் மகளின் பிரசவத்துக்காக நியூ ஜெர்சி போனார்கள். “மூன்று மாதம் கும்பகோணத்தில் வந்து இருங்கள். வீட்டையும் பார்த்துக்கொண்ட மாதிரி இருக்கும், உங்களுக்கும் ஒரு மாறுதல்” என்றார் அண்ணன். அக்னி நட்சத்திர வெயிலில் சென்னையிலிருந்து கும்பகோணத்துக்கு மாறுவது எந்த வகையில் மாறுதல் என்று நான் கேட்கவில்லை. அண்ணனிடம் நான் எதையும் கேட்டதில்லை. இவரோ அதற்குள் ரயில் அட்டவணையைப் பிரித்துவிட்டிருந்தார்.

அண்ணி கோடு போட்ட நோட்டில் நான்கு பக்கம் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். மோட்டாரைக் காலை ஆறு மணிக்குப் போட்டுச் சரியாகப் பன்னிரண்டு நிமிடத்தில் நிறுத்த வேண்டும். தவறினால் தொட்டி வழிந்து பக்கத்து வீட்டுச் சுவர் நனையும், அவர்கள் பேசுவதை நிறுத்திவிடுவார்கள். பின்கட்டுக் கதவைச் சற்றுத் தூக்கித் தள்ளினால்தான் தாழ்ப்பாள் விழும். கிணற்றடிக்கு வரும் பூனை நம்முடையது அல்ல, ஆனால் பால் வைக்க வேண்டும். இந்தக் கடைசி வாக்கியத்தை இரண்டு முறை அடிக்கோடிட்டிருந்தார். நம்முடையது அல்ல என்பதற்கா, பால் வைப்பதற்கா என்று எங்களுக்குள் இன்னும் தகராறு தீரவில்லை.

நோட்டில் இல்லாத ஒரே விஷயம் கேமரா. அண்ணன் மகன் பெங்களூரிலிருந்து வந்து, கூடத்தில் ஊஞ்சலுக்கு நேர் மேலே, உத்தரத்தில் பொருத்திவிட்டுப் போயிருக்கிறான். வெள்ளையாக, கொழுக்கட்டை அளவில் இருக்கிறது. ஆள் நடந்தால் ‘கிர்’ரென்று கழுத்தைத் திருப்பிப் பார்க்கிறது. திருடனைப் பார்ப்பதற்குத்தான். ஆனால் திருடன் வரும்வரை அதற்கும் பொழுது போக வேண்டுமே.

இரண்டாம் நாள் மாலை ஊஞ்சலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். உத்தரத்திலிருந்து குரல் வந்தது. “தண்டையும் போடு. அம்மா தண்டை எறிய மாட்டாள்.”

முறம் ஒரு பக்கம், கீரை ஒரு பக்கம். அண்ணனின் குரல்தான் என்று உறைக்க அரை நிமிடம் ஆனது. அதற்குள் நான் குலதெய்வத்துக்கு மூன்று வேண்டுதல் வைத்துவிட்டேன். அவற்றை இனி நிறைவேற்ற வேண்டுமா, அசரீரி அசரீரியே அல்ல என்பதால் தள்ளுபடி உண்டா என்று தெரியவில்லை.

அதிலிருந்து ஆரம்பித்தது. குளித்துவிட்டுத் துண்டோடு கூடத்தைக் கடந்த இவரை, “மாப்பிள்ளை, மின்விசிறியை ஐந்தில் வைக்காதீர்கள், ஆடும்” என்று குரல் நிறுத்தியது. இவர் அண்ணாந்து, ஒரு கையால் துண்டைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் வணக்கம் சொன்னார். முப்பத்தாறு வருடம் ரயில்வேயில் கார்டாக இருந்தவர். மேலதிகாரி எந்தத் திசையிலிருந்து பேசினாலும் வணக்கம் சொல்லும் பழக்கம் போகவில்லை.

நான் கேமராவை விட்டு ஒதுங்கிப் பின்கட்டிலேயே குடியிருக்க ஆரம்பித்தேன். சண்டை போடுவதற்குக்கூடக் கிணற்றடிக்குப் போனோம். அங்கே அந்தப் பூனை கேட்டுக்கொண்டிருந்தது.

எனவேதான் ஊர் சுற்றக் கிளம்பினோம். கோயில், குளம், வரலாறு என்று வெளியே சொல்லிக்கொள்கிறோம். உண்மையில் கேமராவின் கழுத்து வாசல்படி வரைதான் திரும்பும்.

இவருடன் ஒருநாள் பயணம் போவதென்றால் அதற்குத் தனியாக ஒரு பொறுமை வேண்டும். சின்ன நோட்டில் ‘புறப்பாடு 8.10, திட்டமிட்டது 8.00, தாமதம் 10 நிமிடம், காரணம்: மனைவி’ என்று எழுதுவார். கிளம்பும்போது கேமராவைப் பார்த்துப் பச்சைத் துண்டை ஒரு முறை ஆட்டிவிட்டுத்தான் கதவைப் பூட்டுவார். இத்தனை ஒழுங்கு உள்ள மனிதர், தஞ்சை மாவட்டத்தில் கோயில்கள் பன்னிரண்டு மணிக்கு நடை சாத்தினால் நான்கு மணிக்குத்தான் திறக்கும் என்பதை மட்டும் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கற்றுக்கொள்கிறார்.

தாராசுரம் நான்கே கிலோமீட்டர்தான். அதையே பதினொன்றே முக்காலுக்குத்தான் போய்ச் சேர்ந்தோம். பாதி வழியில் இவருக்கு மோட்டாரை நிறுத்தினோமா என்ற சந்தேகம் வந்து திரும்பிப் போய்ப் பார்த்தோம். நிறுத்தியிருந்தோம். இரண்டாம் ராஜராஜன் கட்டிய கோயில். யானையும் காளையும் ஒரே தலையைப் பங்கிட்டுக்கொள்ளும் சிற்பத்தின் முன்னால் நின்று, இடது பக்கம் மறைத்தால் யானை, வலது பக்கம் மறைத்தால் காளையா, அல்லது மாற்றியா என்று கையை வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தட்டினால் சுரம் எழுப்பும் படிகளைத் தேடிப் போனேன். அவை கம்பிக்கூண்டுக்குள் இருந்தன. ஆளாளுக்குத் தட்டினால் என்ன ஆகும், அடைத்து வைத்தது சரிதான். இருந்தாலும் அந்தப் படிகளோடு எனக்கு ஒரு சொந்தம் ஏற்பட்டுவிட்டது.

தரங்கம்பாடிப் பயணம் வேறு மாதிரி. மயிலாடுதுறையைத் தாண்டியதுமே இவர் ஜன்னலோடு ஒட்டிக்கொண்டார். மயிலாடுதுறைக்கும் தரங்கம்பாடிக்கும் இடையே முன்பு மீட்டர் கேஜ் ரயில் ஓடியது, எண்பதுகளில் நிறுத்திவிட்டார்கள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கல்லூரிப் பையனின் தோளைத் தட்டி, “அதோ, அங்கேதான் லைன் போனது” என்று வயலைக் காட்டினார். பையன் பார்த்தான். வயல் இருந்தது. ஐந்து நிமிடம் கழித்து இன்னொரு வயலைக் காட்டினார். பையன் பொறையாறு வரும் முன்பே காதில் எதையோ மாட்டிக்கொண்டான். ஓடாத ரயிலுக்குத் தாமதம் எழுத முடியாத வருத்தம் இவருக்கு.

தரங்கம்பாடிக் கோட்டையை டேனிஷ்காரர்கள் 1620-ல் கட்ட ஆரம்பித்தார்கள், 1845-ல் ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். இருநூற்று இருபத்தைந்து வருடம் கடற்கரை ஓரமாக ஒரு வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அவர்களுக்கும் யாராவது நான்கு பக்க நோட்டு எழுதிக் கொடுத்திருப்பார்களோ என்னவோ. உள்ளே இருக்கும் அருங்காட்சியகத்துக்கு நாங்கள் போன அன்று விடுமுறை. ‘காரணம்: விசாரிக்காதது’ என்று எழுதச் சொன்னேன். எழுதவில்லை.

நேற்று கங்கைகொண்ட சோழபுரம். ஆட்டோவைக் காலையிலேயே சொல்லிவைத்து, அணைக்கரை வழியாகப் போய், பதினொன்று ஐம்பதுக்கு இறங்கினோம். அணைக்கரையில் கொள்ளிடத்தைப் பார்த்தேன். மேட்டூரைத் திறக்க வழக்கமாக ஜூன் பன்னிரண்டு ஆகுமே, ஆற்றில் மணல்தான் ஓடியது. கோயிலில் நுழையவும் நடை சாத்தவும் சரியாக இருந்தது. நான்கு மணி வரை காத்திருப்பதா, திரும்பிவிடுவதா என்று புல்வெளி வேப்பமரத்தடியில் ஆலோசனை நடத்தினோம். திரும்பினால் கேமரா. காத்திருந்தோம்.

ராஜேந்திரன் அப்பாவின் தஞ்சைக் கோயிலைவிட உயரம் குறைவாகத்தான் விமானத்தை எழுப்பியிருக்கிறான். மரியாதை என்றேன் நான். பட்ஜெட் என்றார் இவர். நான்கு மணிக்குப் பிறகும் கல் சூடு தணியவில்லை. சண்டிகேசுவரரின் தலையில் சிவபெருமான் பூமாலையைச் சுற்றும் சிற்பத்தை நின்று பார்க்க வேண்டும் என்று எனக்கு நாற்பது வருட ஆசை. ஒற்றைக்காலில் மாறி மாறி நின்று பார்த்தேன். சுவாமியின் விரல்கள் அவ்வளவு நிதானமாக மாலையைக் கட்டிக்கொண்டிருக்கின்றன, நான் எதிரில் தவில் கேட்டுத் துள்ளும் குழந்தை மாதிரி குதித்துக்கொண்டிருந்தேன். அதை என் போனில் இவர் படம் பிடித்தார். விமானத்தையும் நான்கு பக்கத்திலிருந்து பிடித்தார். ஆறு மணிக்கு என் போன் அணைந்தது. இவருடைய பட்டன் போனோ, பேட்டரி தேயும் என்பதற்காக எப்போதும் அணைத்தே சட்டைப் பையில் இருக்கும்.

இங்கே கும்பகோணத்தில் பிற்பகல் மூன்று மணிக்கு மின்சாரம் போயிருக்கிறது. அரை மணியில் தெருவுக்கெல்லாம் வந்துவிட்டது. எங்கள் வீட்டில் மட்டும் டிரிப் சுவிட்ச் விழுந்து கிடந்திருக்கிறது. நியூ ஜெர்சியில் விடியற்காலை ஐந்தரைக்கு அண்ணன் காபிக்கு முன் கூடத்தைப் பார்க்கிறார். கறுப்பு. என்னைக் கூப்பிடுகிறார், வெகுநேரம் எடுக்கவில்லை. கோயிலுக்குள் என்பதால் சத்தத்தை அணைத்து வைத்திருந்தேன். பிறகு போனே இல்லை. மாப்பிள்ளையின் போன் பிறந்ததிலிருந்தே இல்லை. எதிர்வீட்டு மாமியிடம் மாற்றுச் சாவி இருக்கிறது. மாமியோ ஞாயிற்றுக்கிழமை ராகுகாலப் பாலபிஷேகத்துக்குத் திருநாகேசுவரம் போய்விட்டார், அங்கிருந்து அப்படியே மகள் வீடு. மற்ற வீடுகளில் விளக்கு எரிகிறது, இந்த வீடு மட்டும் இருட்டு, உள்ளே வயதானவர்கள் இருவர், கூப்பிட்டால் பதில் இல்லை. அண்ணனுக்குத் தெருவில் எத்தனை பேர் எண் தெரியுமோ அத்தனை பேரையும் எழுப்பிவிட்டார். காலையில் நாங்கள் கிளம்பியதைப் பார்த்தவர் ஒருவர்கூட இல்லை. பார்த்தது கேமரா ஒன்றுதான், அப்போது அங்கே நள்ளிரவு தாண்டி, அதிசயமாக அண்ணன் தூங்கியிருக்கிறார்.

கடப்பாரைக்காரர் தெருக்கோடியில் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர். பூட்டில் சாவியைப் போட்டு நான் திருகியபோது, “இரண்டு நிமிடம் தாமதமாக வந்திருந்தால் வேலை முடிந்திருக்கும்” என்றார். நல்ல மனிதர். இவர் சுவிட்சை மேலே தள்ளினார், விளக்கு எரிந்தது, உத்தரத்தில் கொழுக்கட்டை ஒரு முறை முழுவட்டமாகச் சுற்றி விழித்துக்கொண்டது. பதினோரு பேரும் கூடத்துக்குள் வந்து அண்ணாந்து அண்ணனிடம் நலம் விசாரித்தார்கள். குழந்தை எப்போது, அங்கே குளிரா என்று அரைமணி நேரம். அண்ணிக்குத் தெரியாமல் அண்ணியின் நல்ல டம்ளர்களில் காபி கொடுத்தேன். தெரியாமல் என்றா சொன்னேன்?

எல்லோரும் போன பிறகு எனக்குக் கோபம் வந்தது. அறுபத்து மூன்று வயதில் முதன்முறையாக அண்ணனிடம் கேட்டேன். “வீட்டைப் பார்த்துக்கொள்ளத்தானே எங்களை வைத்தாய்? பிறகு எதற்கு ராத்திரி பகலாக எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறாய்? ஊஞ்சலில் உட்காரக்கூட முடியவில்லை, அண்ணா.”

கொஞ்ச நேரம் பதில் இல்லை. லைன் போய்விட்டதோ என்று இவர் அண்ணாந்து பார்த்தார்.

“இங்கே தூக்கம் வருவதில்லை” என்றார் அண்ணன். “பக்கத்து வீட்டுக்காரன் முகத்தைக்கூட இன்னும் பார்க்கவில்லை. ராத்திரி இதைப் போட்டால் ஊஞ்சல் சங்கிலிச் சத்தம் கேட்கும், அதைக் கேட்டுக்கொண்டே படுத்திருப்பேன். நீ இடது காலை ஊன்றித்தான் உந்துகிறாய். வலது காலை மடித்து வைத்துக்கொண்டு. அம்மா அப்படித்தான்.” பிறகு, “பத்து நாளாக நீ ஆடவே இல்லை” என்றார்.

இன்று காலை காபியை எடுத்துக்கொண்டு ஊஞ்சலில் போய் உட்கார்ந்தேன். வலது காலை மடித்தேன். இடது காலை ஊன்றினேன். அறுபது வருடமாகத் தானாக நடந்துகொண்டிருந்த காரியம், இப்போது சொன்னபிறகு வர மறுக்கிறது. கால் தரையில் வழுக்குகிறது, ஊஞ்சல் கோணலாகப் போய்ச் சுவரில் இடிக்கிறது. மேலே ‘கிர்’ரென்று கழுத்து திரும்பும் சத்தம் கேட்டது. நான் அண்ணாந்து பார்க்கவில்லை. நான்காவது உந்தலில் சங்கிலி பழைய மாதிரி முனக ஆரம்பித்தது.

எவ்வளவு நேரம் ஆடினேனோ தெரியாது. பக்கத்து வீட்டிலிருந்து, “சுவர், சுவர்!” என்று கத்தினார்கள். இவர் நோட்டும் பேனாவுமாக மோட்டார் சுவிட்சை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார்.