கால் எட்டல சார்

மேட்டில் வண்டி மூன்றாவது முறையும் அணைந்தபோது, ஓட்டப் பழக வந்த பெண்ணிடம் பயிற்றுநரான என் வாயில் வந்தது இதுதான்: "பயப்படாம ஓட்டுங்கம்மா, ஒண்ணும் ஆகாது." பதில் உடனே வந்தது. "பயம் இல்ல சார். கால் எட்டல."

சீட்டை இரண்டு பல் முன்னால் தள்ளியதும் வண்டி ஏறிவிட்டது.

அதற்கு முன் ஓட்டியவர் நல்ல உயரம். சீட் அவர் விட்டுப்போன இடத்திலேயே கிடந்தது. அதைக் கவனிப்பது பயிற்றுநரின் வேலை. கண்ணில் படாவிட்டாலும் காதிலாவது விழுந்திருக்க வேண்டும். மூன்று முறையும் முதல் கியர் இறுக்கமாக, கரகரத்துத்தான் விழுந்தது. கிளட்ச் அடிவரை போகவில்லை என்பதற்கு வேறென்ன அறிகுறி வேண்டும்? சீட் தள்ளியிருந்தால் குதிகால் தரையை விட்டு எழும்பும், பெடலை விரல் நுனியால் அமுக்க வேண்டிவரும். அமுக்குவதைக்கூட எப்படியோ சமாளித்துவிடலாம், விடுவதில்தான் வினை. கிளட்ச் பிடிக்கிற இடத்தில் காலை நிறுத்தி, என்ஜின் சத்தம் தாழ்ந்து வண்டி முன்னால் போகத் துடிக்கும்போது, ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் கொடுத்து ஹேண்ட் பிரேக்கை இறக்க வேண்டும். குதிகாலுக்குத் தரை கிடைக்காதவருக்கு அந்த நிறுத்தம் வராது. கால் வழுக்கும், கிளட்ச் மொத்தமாக விடுபடும், என்ஜின் அணையும்.

தைரியம் சொன்னதில் என்ன தப்பு என்று கேட்கலாம். பின்னால் ஒருவர் ஹாரன் அடித்தாலே பதறிக் கிளட்ச்சை உதறுகிறவர்கள் ஆணிலும் உண்டு, பெண்ணிலும் உண்டு. ஆனால் அதே மேட்டில் ஒரு பையன் வண்டியை அணைத்தால் வாயில் வருவது "கிளட்ச்ச மெதுவா விடுப்பா" என்பதுதான். அவனுக்குக் காலைப் பற்றிய குறிப்பு, இவருக்கு மனசைப் பற்றிய குறிப்பு. முன்னதை வைத்துக்கொண்டு அடுத்த முறை ஏதாவது செய்து பார்க்கலாம். பின்னதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

1888 ஆகஸ்டில், மோட்டார் வண்டியை உருவாக்கிய கார்ல் பென்ஸின் மனைவி பெர்த்தா பென்ஸ், இரண்டு மகன்களோடு ஜெர்மனியின் மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை நூறு கிலோமீட்டருக்கு மேல் மோட்டார் வண்டியில் போனார். வண்டிக்கு இரண்டே கியர். மேடு வந்தால் இறங்கித் தள்ள வேண்டியிருந்தது. அந்தப் பயணத்துக்குப் பிறகு, மேடு ஏற இன்னொரு கியர் வண்டியில் சேர்ந்தது. வண்டி ஏறாததற்குக் காரணத்தை வண்டியிலேயே தேடியிருக்கிறார்கள்.

காப்பீட்டுக்காரர்களின் கணக்கு வேறு. ஐரோப்பிய ஒன்றியத்தில் பல நிறுவனங்கள், பெண்களால் விபத்து குறைவு என்று கணக்கிட்டு, இளம் பெண்களிடம் இளைஞர்களைவிடக் குறைந்த பிரீமியம் வாங்கிவந்தன. ஐரோப்பிய நீதிமன்றத்தின் 2011 தீர்ப்பால் 2012 டிசம்பர் 21 முதல் அந்த வேறுபாடு கூடாதென்றானது. பெண்கள் ஓட்டும் தூரமே குறைவு என்று எதிர்வாதம் வரும். அதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது.

ஆனால் அதிகம் உறுத்துவது, பயிற்றுநர் பக்கம் இருக்கிற இரண்டாவது பிரேக். அதைச் சீக்கிரம் மிதித்துவிட்டால், வண்டி எங்கே போய் நிற்கும் என்பது ஓட்டுகிறவருக்குத் தெரியாமலே போகும். பத்து முறை இப்படி நடந்த பிறகு "இவங்களுக்கு இடைவெளி கணிக்கத் தெரியல" என்று சொல்வது சுலபம். கணிக்க விட்டது யார்? பெண் ஓட்டும்போது அந்தப் பெடல் முன்கூட்டியே அமுங்குகிறதா என்று யாரும் அளந்து பார்த்ததில்லை. அப்படியெல்லாம் இல்லை என்று சொல்லத்தான் தோன்றுகிறது. உறுதியாகச் சொல்ல வாய் வரவில்லை.

இப்போது யார் ஏறினாலும் முதலில் சீட்தான். இடுப்பு பின்னால் ஒட்டியிருக்க வேண்டும். கிளட்ச்சை அடிவரை அமுக்கியபோதும் முழங்கால் சற்று மடங்கியிருக்க வேண்டும். தோள் சாய்மானத்தில் பட்டபடியே மணிக்கட்டு ஸ்டியரிங்கின் உச்சியில் உட்கார வேண்டும். ஏர்பேக் விரிய இடம் வேண்டுமே, அதனால் நெஞ்சுக்கும் ஸ்டியரிங் நடுவுக்கும் 25 செ.மீ.யாவது விட வேண்டும்; குள்ளமானவர்கள் சாய்மானத்தைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து, சீட்டை உயர்த்திக்கொள்ளலாம். கண்ணாடிகள் அதற்கப்புறம், முன்னாலேயே திருப்பினால் மறுபடி திருப்ப வேண்டியதுதான். எல்லோருக்கும் இதே வரிசை என்றுதான் பேச்சு. வாட்டசாட்டமான பையன் ஏறினால் பாதியிலேயே "சரி, எடு" என்று சொல்லிவிடுவதும் நடக்கிறது.

போன வாரம் வேறொரு பெண். சீட், கண்ணாடி எல்லாம் ஒழுங்காகப் பார்த்தாயிற்று, கியரும் சத்தமில்லாமல் விழுந்தது. மேட்டில் அவர் ஹேண்ட் பிரேக்கைத் தொடுவதற்குள் இந்தப் பக்கத்துக் கால் பெடல்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது.