அம்மாவின் சர்க்கரையும் பக்கத்து அறை சோஷியல் வொர்க்கரும்

அம்மாவின் சர்க்கரை எந்த மருந்துக்கும் அடங்கவில்லை. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி ஒவ்வொரு முறையும் 10 சதவீதத்தை ஒட்டியே வந்தது. இன்சுலினைக் கூட்டுவதற்கு முன் டாக்டர், "பக்கத்து ரூம்ல சோஷியல் வொர்க்கர் இருக்காங்க, பேசிட்டு வாங்க" என்றார். எனக்குச் சுருக்கென்றது. நாங்கள் என்ன பண உதவியா கேட்டோம்?

அந்த சோஷியல் வொர்க்கர், பேசுவதில் எதெல்லாம் மருத்துவக் குறிப்பில் ஏறும், உயிருக்கு ஆபத்து என்றால் யாரிடம் சொல்வார் என்பதை முதலிலேயே விளக்கிச் சம்மதம் வாங்கினார். அப்புறம் என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டார். அதுதான் காரியத்தைச் சாதித்தது.

ஒரு நாள் ராத்திரி சர்க்கரை திடீரென இறங்கி, வியர்த்து, கை நடுங்கி, வீட்டில் தனியாகக் கிடந்திருக்கிறார் அம்மா. அந்தப் பயத்தில் அதன்பிறகு பல நாள் ஊசியே போடவில்லை. பிள்ளை பதறுவானே என்று என்னிடம் மூச்சுவிடவில்லை. போதாததற்கு, இன்சுலின் பேனாவில் இருக்கும் எண்ணும் கண்ணுக்குச் சரியாகத் தெரியவில்லை. அம்மாவின் அனுமதியோடுதான் இதை என்னிடம் சொன்னார்கள். போடாத மருந்தின் அளவைக் கூட்டி, அதை அம்மா ஒருநாள் முழுசாகப் போட்டிருந்தால்? நினைக்கவே பயமாக இருந்தது.

மனச்சோர்வை அறிய, கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி 9 கேள்விகள் கேட்டார்கள். கடைசிக் கேள்வி, சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்பது. நானாக இருந்தால் சுற்றி வளைத்திருப்பேன். அவர் நேராகக் கேட்டார், அம்மாவும் நேராகவே பதில் சொன்னார்.

பிறகு டாக்டர், நர்ஸ், அவர் மூவரும் கலந்து பேசினார்கள். அளவு கூடவில்லை. ஊசி போடுவதை நர்ஸ் மறுபடி கற்றுக்கொடுத்தார். சர்க்கரை 70-க்குக் கீழே போனால் 15 கிராம் சர்க்கரை, அதாவது மூன்று டீஸ்பூன், 15 நிமிடம் கழித்து மறுபடி பரிசோதனை. இதைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறோம். ராத்திரியில் கூப்பிட்டால் வரக்கூடிய பக்கத்து வீட்டுக்காரர் யார் என்பது வரை முடிவானது.

இப்படி ஒருவரைப் பார்க்கப் போகிறவர்கள் மிச்சமிருக்கும் மருந்துகளையும் கையோடு எடுத்துப் போங்கள். வாயால் சொல்லத் தயங்குவதை அவை சொல்லிவிடும். அடுத்து யார், எப்போது கூப்பிடுவார்கள் என்றும் கேட்டு வையுங்கள். எங்களுக்குக் கண் பரிசோதனைத் தேதி இன்னும் வரவில்லை, அதையும் அவர்தான் துரத்திக்கொண்டிருக்கிறார்.