குப்பைமேட்டு நீரில் பாக்டீரியா: மாதிரி எடுக்கும்போதே கெடுவது எது?

நெதர்லாந்தில் பானிஸ்வெல்ட் என்ற பழைய குப்பைமேட்டின் கசிவுநீர் பரவிய நிலத்தடியில், இரும்பை ஒடுக்கும் (துருவிலுள்ள இரும்பை நீரில் கரையும் வடிவமாக மாற்றும்) ஜியோபாக்டர் என்ற பாக்டீரியாக் குடும்பம் ஏராளமாக இருந்தது. ஆக்சிஜன் தீர்ந்தபின் பாக்டீரியா சுவாசிக்க நைட்ரேட், மாங்கனீசு, இரும்பு, சல்பேட் என ஒவ்வொன்றாகப் பயன்படுத்தும், கடைசியில் மீத்தேன் உருவாகும் என்பதே வழக்கமான வரிசை. ஒரே ஆழ்துளையில் இரண்டு மூன்று கட்டங்கள் கலந்தும் கிடக்கும். பாடப்புத்தகப் படத்தை அப்படியே நம்ப வேண்டாம்.

ஆழ்துளைக் குழாயில் தேங்கிய நீர் காற்றுபட்டது, அதை எடுக்காதீர்கள். மெதுவாக இறைத்து, பிஎச், மின்கடத்துதிறன், கரைந்த ஆக்சிஜன் மூன்றும் நிலைத்தபின் பிடியுங்கள். இரும்புக்கான நீரை அங்கேயே வடிகட்டி அமிலம் சேர்க்காவிட்டால், ஆய்வகம் போவதற்குள் பாட்டிலில் துருதான் படிந்திருக்கும்.

டிஎன்ஏவுக்கு, பாக்டீரியாவைப் பிடித்து நிறுத்தும் 0.2 மைக்ரான் வடிதாள். கசிவுநீர் சீக்கிரம் அடைத்துவிடும். ஒரு லிட்டர்தான் வேண்டுமென்று அழுத்திக் கிழிக்காமல், இறங்கிய அளவைக் குறித்துக்கொண்டு வடிதாளை உடனே உறையவையுங்கள். பிரித்த டிஎன்ஏ பழுப்பாக இருந்தால் ஹியூமிக் அமிலம் (மக்கிய பொருளிலிருந்து வரும் பழுப்புப் பொருள்) கூடவே வந்திருக்கிறது, பிசிஆர் (டிஎன்ஏவைப் பெருக்கும் சோதனை) படுத்துவிடும். டிஎன்ஏவை 10 மடங்கு நீர்க்கச்செய்து பாருங்கள், பெரும்பாலும் எழும்.

கிருமிநீக்கிய நீரையும் ஒருமுறை அதே முறையில் வடிகட்டிச் சோதியுங்கள்; அதில் வருவது உங்கள் கருவிகளிலிருந்து கலந்தது. மண்துகளில் ஒட்டியிருக்கும் பாக்டீரியாக் கூட்டம் வேறு என்பதால், நீரை மட்டும் பார்த்தால் பாதிக் கதைதான்.