மூன்று பேராகக் கடைசிப் பயணம்

இன்னும் மூன்று கிழமையில் வீட்டுக்குப் புது ஆள் வருகிறார். அதற்கு முன் ஒரு நாளை மகளுக்கென்றே ஒதுக்கலாம் என்று ஞாயிற்றுக்கிழமை காரைநகர் கசூரினா கடற்கரைக்குப் புறப்பட்டோம். மாமிக்குத் துளியும் விருப்பமில்லை.

"நிறைமாதக்காரியைக் கடற்கரைக்கோ கூட்டிப் போகிறீர்கள், தம்பி?" என்றவர், மனைவியின் கைப்பைக்குள் வேப்பிலையைச் செருகிவிட்டுத் தானும் ஓட்டோவில் ஏறிவிட்டார். மடியில் புட்டும் கத்தரிக்காய்ப் பொரியலும். அதை எப்போது அவித்தார் என்பதை யாரும் கேட்கவில்லை.

ஓட்டோ மாட்டுவண்டி வேகத்தில் போனது. பொன்னாலைப் பாலத்தில் சைக்கிள்காரர் ஒருவர் எங்களை முந்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

கசூரினாவில் கடல் வெகுதூரத்துக்கு ஆழமில்லை. மனைவி முழங்காலளவு நீரில் அசையாமல் நின்றாள். "இப்போதுதான் முதுகு ஆறுகிறது" என்றாள். மகள் சவுக்கு மரத்தடியில் குழி தோண்டினாள், தம்பிக்குத் தொட்டிலாம்.

"தங்கச்சி பிறந்தால்?"

நான்கு வயது மூளை கொஞ்சம் யோசித்தது. "அப்படியென்றால் இது எனக்கு."

திரும்பும்போது தாயின் வயிற்றில் தலைவைத்துத் தூங்கியவள், வீட்டுக்கு வருமுன் திடுக்கிட்டு எழுந்தாள்.

"அப்பா, உள்ளேயிருந்து எனக்கு உதைக்கிறது!"