பரங்கிமலை: சிலுவையைத் தாங்கும் பாறை

கி.பி. 72-இல் அப்போஸ்தலர் தோமா பரங்கிமலை உச்சியில் ஈட்டியால் குத்தப்பட்டு உயிர்நீத்தார் என்பது திருச்சபை மரபு. அந்த இடத்தைத் தேடித்தான் திருப்பயணிகள் வருகிறார்கள். மலைக்கு மேலே வண்டி போகும் சாலை உண்டு. ஆனாலும் முழங்கால் ஒத்துழைத்தால் படி வழியே ஏறுவதுதான் சிறப்பு; சிலுவைப் பாதை நிலைகள் ஒவ்வொன்றிலும் நின்று செபித்தபடி போகலாம். இந்தப் படிகளை அமைத்துத் தந்தவர் ஆர்மீனிய வணிகர் கோஜா பெத்ருஸ் உஸ்கான். கோட்டைப் பக்கமிருந்து வரும் பக்தர்கள் அடையாற்றைக் கடக்கச் சைதாப்பேட்டையில் 1726-இல் பாலம் கட்டியவரும் அவரே. நேர்ச்சைக்காக வெறுங்காலோடு ஏறுகிறவர்கள் காலை எட்டு மணிக்குள் மேலே போய்விடுவது நல்லது. வெயில் ஏறினால் கருங்கல்லில் கால் வைக்க முடியாது.

ஆலயப் பீடத்தில் இருக்கும் கற்சிலுவை 1547-இல் நிலத்தைத் தோண்டியபோது கிடைத்தது. அதன் ஓரத்தில் ஓடும் எழுத்து பஹ்லவி என்ற பழைய பாரசீக எழுத்து. 1558 டிசம்பர் 18 அன்று திருப்பலி நேரத்தில் அது முதன்முதலாக இரத்தம் வியர்த்தது என்பார்கள். எதிர்நோக்கு அன்னையின் திருநாளும் அன்றுதான். அருகில் போய்ப் பார்க்க வேண்டுமானால் ஞாயிறு தவிர்த்து வேறு நாளில் வாருங்கள்.

வணங்கி முடித்து வெளியே வந்ததும் மலைச் சரிவில் துருத்தி நிற்கும் இயற்கைப் பாறையைத் தேடுங்கள். இந்த மலை எந்தக் கல் என்பதைப் படிக்கல்லையும் தளக்கல்லையும் வைத்து முடிவு செய்யக் கூடாது. அவை வேறெங்கிருந்தோ வந்தவையாக இருக்கலாம். வெயிலும் மழையும் பட்ட பாறை முகம் பழுப்பேறிக் கிடக்கும், அதைப் பார்த்துச் செம்பாறை என்று நினைக்கிறவர்கள் உண்டு. அண்மையில் உடைந்த முகம்தான் உண்மையைக் காட்டும்: எண்ணெய் தடவியது போன்ற மினுமினுப்போடு நீலம் கலந்த கருஞ்சாம்பல். இதற்காகச் சுத்தியலை எடுக்க வேண்டாம். சார்னோக்கைட் எனப்படும் இங்குள்ள பாறையை இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனம் தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவித்திருக்கிறது.

சார்னோக்கைட் என்ற பெயர் கல்கத்தாவில் பிறந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஜாப் சார்னாக் 1693-இல் இறந்தார். புனித யோவான் ஆலய வளாகத்தில் உள்ள அவருடைய கல்லறைக் கல்லை, இருநூறு ஆண்டு கழித்து, தாமஸ் ஹாலந்து என்ற புவியியலாளர் ஆராய்ந்தார். அது பரங்கிமலை, பல்லாவரம் பக்கத்துப் பாறை என்று கண்டு, 1893-இல் அந்தப் பாறை வகைக்கே சார்னாக்கின் பெயரைச் சூட்டினார். தோமையார் பெயரை வைத்திருக்கலாமே என்ற ஆதங்கம் பக்தர்களுக்கு வந்தால் அதில் தப்பில்லை.

இது கிரானைட்டின் உறவுக் கல். குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமங்கள் இரண்டும் இதில் உண்டு. கிரானைட்டில் வழக்கமாக இருக்கும் கருப்பு மைக்காவின் இடத்தை இங்கே ஹைப்பர்ஸ்தீன் என்ற இரும்பு–மெக்னீசியம் சிலிகேட் பிடித்திருக்கிறது. மைக்கா உண்டாக நீர் வேண்டும்; ஹைப்பர்ஸ்தீன், நீர் வற்றிப்போன, 700 டிகிரி செல்சியஸுக்கும் மேலான ஆழத்துச் சூட்டில் உருவாவது. ஆகவே இந்தக் கல் நிலமேலோட்டின் அடியாழத்திலிருந்து வந்தது. மேலே இருந்தவையெல்லாம் அரிக்கப்பட்ட பிறகே வெளிச்சம் கண்டது. ஹைப்பர்ஸ்தீன் குறைவாகத்தான் இருக்கும். பாறை இவ்வளவு கருத்துத் தெரிவதற்கு ஃபெல்ட்ஸ்பாரின் நிறமே முக்கியக் காரணம். கருப்பாக இருப்பதால் இரும்பு மிகுந்த கல் என்று சொல்லிவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. உருகிய குழம்பிலிருந்து நேரடியாக உறைந்ததா, பழைய பாறை சூட்டில் உருமாறியதா என்பதில் அறிஞர்களுக்குள் நெடுங்காலமாக வழக்கு உண்டு. குழம்பிலிருந்து வந்தது என்பது ஹாலந்தின் கட்சி.

வயது ஏறக்குறைய 250 கோடி ஆண்டுகள். இத்தகைய பாறைக்கு வயது காணச் சிர்க்கான் என்ற படிகம் உதவுகிறது. சில கிலோ கல்லைப் பொடித்து, கனமான மணிகளைப் பிரித்து, உருப்பெருக்கியின் கீழ் ஒவ்வொன்றாகப் பொறுக்குவார்கள். சிர்க்கான் உருவாகும்போது யுரேனியத்தைச் சேர்த்துக்கொள்ளும், ஈயத்தை அநேகமாக உள்ளே விடாது. ஆகவே இன்று உள்ளே இருக்கும் ஈயம் யுரேனியம் சிதைந்து வந்தது. யுரேனியம் 238-இன் அரைவாழ்வு, அதாவது பாதி சிதைய ஆகும் காலம், சுமார் 447 கோடி ஆண்டு. 250 கோடி ஆண்டில் நூற்றுக்கு 32 பங்கு ஈயமாகிவிடும். கோளாறு வருவது இரண்டு இடத்தில். படிகம் விரிசல் விட்டு ஈயம் கசிந்தால் வயது குறைத்துக் காட்டும். பின்னால் வந்த சூட்டில் பழைய மணியைச் சுற்றிப் புது விளிம்பு வளர்ந்திருந்தால் நடுவுக்கு ஒரு வயது, ஓரத்துக்கு வேறு வயது. இரண்டையும் சேர்த்து அளந்தால் கிடைக்கும் எண் எந்த நிகழ்வையும் குறிக்காது. அதனால்தான் மணியை அறுத்து மெருகிட்டுப் படமெடுத்த பிறகே புள்ளி பார்த்து அளக்கிறார்கள்.

டிசம்பர் திருநாளுக்கு வருகிறவர்கள் வடகிழக்குப் பருவமழையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பாசி படிந்த பாறை அப்போது வழுக்கும். சரிவில் இறங்காமல் படியோரத்திலிருந்தே பார்த்துவிடலாம்.