கைக்குழியில் சிக்கிய பாடத்திட்டம்

2024 ஒக்டோபர் 6, ஞாயிறு, கல்லடி, மட்டக்களப்பு

என் இணையவழித் தையல் வகுப்பின் பன்னிரண்டாம் பாடத்தையும் இன்று படம்பிடித்து முடித்தேன். மொத்தம் இருபத்துநான்கு. சேலைச் சட்டை வெட்டித் தைக்க ஒரு பெண்ணுக்குத் தெரிய வேண்டியதெல்லாம் இதற்குள் வந்துவிடும் என்று கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி, அடியில் கோடும் போட்டிருக்கிறேன். மாதச் சந்தா 1,500 ரூபாய். இருபத்தாறு பேர் சேர்ந்திருக்கிறார்கள். பதினைந்து பேர் வாவிக்கு இக்கரையிலும் அக்கரையிலும்; மிச்சப் பேர் சுவிஸ், லண்டன், கனடா.

மருமகள், தம்பியின் மகள்தான், காணொளிகளை வெட்டி ஒட்டித் தருகிறாள். நவம்பர் 25 ஆம் திகதி அவளுக்கு உயர்தரப் பரீட்சை தொடங்குகிறது. "இன்னும் இரண்டு கிழமைதான் மாமி, பிறகு என்னைத் தேடாதீர்கள்" என்று சொல்லிவிட்டாள். தம்பியின் முகம் அதற்கு முன்பே கடுத்துவிட்டது.

ஒக்டோபர் 13, ஞாயிறு

நான்காம் பாடத்துக்குப் பிறகு தைத்ததைப் படமெடுத்து அனுப்பச் சொல்லியிருந்தேன். ஒன்பது பேர் அனுப்பினார்கள். ஏழு சட்டைகளில் கை பொருத்திய இடத்தில் முன்பக்கம் சுருக்கம். முன் கைக்குழியை, அதாவது கை பொருத்தும் வளைவை, பின்பக்கத்தைவிட அரை அங்குலம் உள்ளே வளைத்து வெட்ட வேண்டும் என்று தெளிவாகச் சொன்னேனே என்று கோபம் வந்தது. காணொளியை மறுபடி போட்டுப் பார்த்தேன். சொல்லியிருக்கிறேன், எட்டு விநாடியில். அந்த எட்டு விநாடியும் சுண்ணக்கட்டிக் கோட்டை என் மணிக்கட்டு மறைத்துக்கொண்டிருக்கிறது.

இருபத்திரண்டு வருடமாகத் தைக்கிறேன். பக்கத்தில் ஒரு பிள்ளை இருந்து பழகினால், அவள் கத்தரியைச் சரிக்கும்போதே கையைப் பிடித்துவிடுவேன். கமராவுக்கு முன்னால் அந்தக் கை எனக்கு இல்லை. ஐந்தாம் பாடம் இந்தக் கிழமை போகாது, நான்காவதே மறுபடியும். "அப்படியென்றால் எடுத்து வைத்த மற்ற எட்டையும் என்ன செய்வது?" என்று மருமகள் கேட்டாள். கழுத்துக்கு நாடா தைப்பதைப் பற்றி ஏதோ சொல்லிப் பேச்சை மாற்றினேன்.

ஒக்டோபர் 20, ஞாயிறு

ஆறு பேர் திருந்திவிட்டார்கள். சுவிஸில் இருக்கும் ஒருத்திக்கு மட்டும் கைக்குழி இன்னும் இறுக்கம். கவனக்குறைவு என்று மனதுக்குள் தீர்ப்பும் எழுதிவிட்டேன். பிறகு அவள் கணக்கைத் தாளில் எழுதிக் காட்டச் சொன்னேன்.

கைக்குழியின் ஆழத்துக்கு நான் சொல்லிக்கொடுப்பது, மார்புச் சுற்றளவை ஆறால் வகுத்து ஒன்று கூட்டுவது. 36 அங்குலத்துக்கு 7 வரும். அவளிடம் இருப்பது சென்ரிமீற்றர் நாடா. 91.5 ஐ ஆறால் வகுத்து, 15.25 உடன் சொன்னபடியே ஒன்று கூட்டியிருக்கிறாள். 16.25. வந்திருக்க வேண்டியது 17.8. என் "ஒன்று" ஓர் அங்குலம், அவளுடைய "ஒன்று" ஒரு சென்ரிமீற்றர். ஒன்றரைச் சென்ரிமீற்றர் குறைந்தால் எந்தக் கை நுழையும்?

இரவே இரண்டு அளவிலும் அட்டவணை எழுதிப் படமெடுத்துப் போட்டேன். அவள் எண்ணெய்த் தாளில்தான் மாதிரி வெட்டுகிறாளாம்; பழைய தமிழ்ப் பத்திரிகைக்கு அங்கே எங்கே போவது என்று கேட்டுச் சிரித்தாள். அதையும் நான் யோசிக்கவில்லை.

ஒக்டோபர் 27, ஞாயிறு

நேரலை வகுப்பு வழக்கம்போல இரவு 8 மணிக்கு. ஸூமில் காசில்லாமல் கிடைக்கிற நாற்பது நிமிடம் முடிந்து, இயந்திரத்தை மூடிக்கொண்டிருந்தபோது சுவிஸ்காரியின் அழைப்பு: "அக்கா, நான் வந்துவிட்டேன், ஒருவரையும் காணவில்லையே?" அங்கே இன்றுதான் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு வைத்திருக்கிறார்கள். லண்டன்காரிக்கும் அதே கதை. கனடாவில் அடுத்த ஞாயிறுதானாம் மாற்றம். இனி நேரத்தை இலங்கை, சுவிஸ், லண்டன், ரொறன்ரோ என நான்காக எழுதிப் போட வேண்டும்.

நவம்பர் 10, ஞாயிறு

சந்தா. பேபால் வழியாக இலங்கையில் காசு பெற முடியாது, அனுப்ப மட்டும்தான் முடியும். சுவிஸ்காரி களுவாஞ்சிக்குடியில் இருக்கும் தாயிடம் சொல்ல, தாய் வங்கியில் போட்டுப் பற்றுச்சீட்டைப் படமெடுத்து அனுப்புகிறார். வட்டமாகச் சுற்றினாலும் வந்து சேர்கிறது.

நவம்பர் 27, புதன்

மூன்று நாளாக விடாத மழை. நேற்றிலிருந்து மின்சாரம் இல்லை. தையல் இயந்திரத்தைக் கல் வைத்து உயர்த்தியிருக்கிறேன். காரைதீவில் மத்ரசா மாணவர்களை ஏற்றிச் சென்ற உழவு இயந்திரத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போன செய்தி கேட்டதிலிருந்து கையில் எதுவும் ஓடவில்லை. பரீட்சையையும் நிறுத்திவிட்டார்கள். மருமகள் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு மழையைப் பார்த்திருக்கிறாள்.

வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இருக்கும் இரண்டு மாணவிகளிடமிருந்து பதில் இல்லை.

நவம்பர் 30, சனி

இரண்டு பேரும் உறவினர் வீட்டில் இருக்கிறார்கள். இன்று அழைத்தார்கள். அப்பாடா.

அயல்வீட்டு முச்சக்கரவண்டியில் கைத்தொலைபேசிக்குச் சார்ஜ் ஏற்றினேன். காணொளி அனுப்பும் அளவுக்கு இணைப்பு இல்லை. பாடத்தை விட மனமில்லாமல், கழுத்து வெட்டுவதை மூன்று படமும் ஏழு நிமிடக் குரல் பதிவுமாக வட்ஸ்அப்பில் போட்டேன். தடவைக்கு ஒரு வேலை. "வெட்டிவிட்டு வாருங்கள்" என்று நிறுத்தி நிறுத்திப் பேசினேன். மின் இயந்திரம் வைத்திருப்பவர்கள் சும்மா இருக்க, கால்மிதி இயந்திரக்காரர்கள் தைத்தே முடித்துவிட்டார்கள்.

இந்த மாதச் சந்தா உள்ளூர்க்காரருக்கு டிசம்பர் கடைசி வரை தவணை. கனடாவில் ஒருத்தி, நின்றுபோன பாடத்துக்கு ஈடாக இரண்டு பாடம் கேட்கிறாள். அவள் கேட்பது நியாயம். ஆனாலும் எரிச்சலாக இருந்தது.

டிசம்பர் 4, புதன்

பரீட்சை மறுபடி தொடங்கியது. மருமகள் காய்ந்தும் காயாத சப்பாத்தோடு போனாள்.

மின்சாரம் வந்ததும் கழுத்துப் பாடத்தைக் காணொளியாகவும் போட்டேன். குரலே போதும் அக்கா என்கிறார்கள்! காரணம் ஆரையம்பதிக்காரி சொன்னாள்: துணியில் கண் வைத்தால் திரையில் வைக்க முடியாது, திரையில் வைத்தால் கத்தரி கோணும். நானே வானொலி கேட்டுக்கொண்டுதான் இத்தனை வருடமும் தைத்திருக்கிறேன். இது ஏன் எனக்குத் தோன்றவில்லை?

இனி வளைவும் மடிப்பும் மட்டும் காணொளியில், அதுவும் இரண்டு நிமிடத்துக்குள், வெட்டி ஒட்டாமல். மற்றதெல்லாம் குரல். எடுத்து வைத்திருந்த எட்டில் மூன்று தேறும். ஐந்தை அழித்தேன். அழிக்கும்போது வயிறு எரிந்தது என்பதையும் எழுதி வைக்கிறேன்.

டிசம்பர் 15, ஞாயிறு

சுவிஸ்காரி தான் தைத்த சட்டையைப் போட்டுப் படம் அனுப்பியிருக்கிறாள். கைக்குழி கச்சிதம். மேலே தடித்த கம்பளி மேலாடை, சன்னலுக்கு வெளியே பனி. குளிருக்கு மணிக்கட்டு வரை முழுக்கை வைத்துத் தைக்கலாமா, முழங்கையில் இழுக்காதா என்று கேட்கிறாள்.

என் இருபத்துநான்கில் முழுக்கை இல்லை. இந்த ஊர் வெயிலில் யார் என்னிடம் அதைக் கேட்டார்கள்? காத்தான்குடியில் வாங்கிய துணியில் ஒன்றரை மீற்றர் மிச்சம் கிடக்கிறது. காலையில் வெளிச்சம் இருந்தால் எனக்கே ஒன்று வெட்டி, முழங்கையை மடக்கிப் பார்க்க வேண்டும்.